நீ கேட்ட படங்கள்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மாமாவின் மகன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும் கொடு, கதவைத் திறக்கிறவர்களிடம் கொடுக்காதே என்று இரண்டு தரம் சொன்னேன். பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் போன் மேசையில் கிடக்கிற சாமான், யாரும் எடுத்து வாசிக்கலாம். பையில் பாரைக் கருவாடும் மிளகாய்த்தூளும் இருக்கிறது. தூள் நானே வறுத்து மில்லில் அரைப்பித்தது. உறைப்புக் கூட, பார்த்துப் போடு.

அன்றைக்குப் போன் எடுத்து, "யோசிக்க வைக்கிற படமாக நாலைந்து சொல்லுங்கோ அம்மா, பார்க்க ஒன்றுமில்லை" என்றாய். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், இங்கே பகல் பதினொன்றரை. நீ வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன், கனடாவில் உனக்கு இரவு இரண்டு மணி. விடிந்தால் வேலைக்குப் போகவேண்டிய பிள்ளை அந்த நேரத்தில் ஏன் படம் தேடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சும்மா" என்பாய். சரி, படம்தானே கேட்டாய், படத்தைப் பற்றியே எழுதுகிறேன். நேரத்துக்குப் படு.

முதலாவது 'உதிரிப்பூக்கள்'. நீ பார்த்ததுதான். வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்துப் பார்த்தோமே, சித்தப்பா நித்திரையாகிக் கதிரையோடு விழுந்த அன்று. சின்ன வயதில் பார்த்தது கணக்கில்லை, திரும்பப் பார். மகேந்திரன் 1979இல் எடுத்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம், ஆனால் கதையையும் வாசித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். விஜயன் நடித்த அந்தச் சுந்தரவடிவேலு ஊரில் பெரிய மனிதர். மற்றப் படங்களில் வில்லன்கள் கத்துவார்கள், சிரிப்பார்கள். இவர் குரலை உயர்த்தாமலே ஒருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லுவார். மனைவியாக அஸ்வினி. வாய் திறந்து முறையிட மாட்டாள். தகப்பன் சாருஹாசன். மகள் படுகிற பாடு தெரிந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு இப்போது ஏலாது.

அவள் செத்துப் போகிறாள். கடைசியில் ஊர் கூடி அவரை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அப்பா அன்றைக்கே "சரியான தண்டனை" என்றார். நீ உடனே, அந்த ஆளுக்கு நீந்தத் தெரியாதா என்று அவரோடு சண்டைக்குப் போனாய். எல்லோரும் சிரித்தோம். இப்போது எனக்கு வேறு யோசனை வருகிறது. ஆற்றங்கரையில் அத்தனை பேர் நிற்கிறார்களே, அவள் உயிரோடு இருந்தபோது இதில் ஒருத்தராவது போய், "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வா" என்று சொல்லியிருந்தால் படம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். நல்ல படம் ஒன்று கிடைத்திராது. அவள் இருந்திருப்பாள்.

பெரியம்மாவின் கதை உனக்குத் தெரியும், திரும்ப எழுதமாட்டேன். அவவுக்கும் ஊர் கூடித்தான் வந்தது, அவ போன பிறகு, எட்டுச் செலவுக்கு.

மருமகன் சுகமா? முன்பெல்லாம் நீ எடுத்தால் போனுக்குள் தலையை நீட்டி, "மாமி, இன்றைக்கு என்ன குழம்பு?" என்பார். வருசப் பிறப்புக்குப் பிறகு அந்தத் தலையைக் காணவில்லை. வேலை கூட என்று சொன்னாய். வேலை கூடத்தான் இருக்கும். நீயும் இப்போது சுவரோடு ஒட்டி நின்றுதான் கதைக்கிறாய். வீட்டைக் காட்டு என்று அப்பா கேட்டதற்கு, ஒதுக்கவில்லை என்றாய். நீ ஒதுக்காத வீடு! பத்து வயதில் என்னுடைய அலுமாரியையே நிறம் பார்த்து அடுக்கி வைத்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் எல்லா ரீச்சர்மாருக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது 'அந்த நாள்'. 1954இல் எஸ். பாலச்சந்தர் எடுத்தது. ஒரு பாட்டில்லை. சிவாஜி படத்தில் பாட்டில்லை என்றால் அந்தக் காலத்துச் சனம் எப்படிப் பொறுத்ததோ தெரியாது. 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. நமக்கு அது புதிதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் இங்கே துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் போட்டானே, அம்மம்மா அதைச் சொல்லிச் சொல்லியே நமக்குச் சோறு ஊட்டினா. படத்தில் சிவாஜி ரேடியோ இஞ்சினியர். தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்க வருகிற அதிகாரிக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யார் சுட்டது என்று எழுதமாட்டேன், நீயே பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியில் நாலு பேரிடம் கேட்டால் அவர் கெட்டிக்காரர், படித்தவர் என்பார்கள். உள்ளே எப்படிப்பட்டவர் என்று வீட்டில் கூட இருந்தவளுக்குத்தான் தெரியும். ஸ்காபரோவிலும் நாலு பேரிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார்களாக்கும். நான் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பாவைக் கேட்டால் எப்போதும் '12 ஆங்கிரி மென்'தான். பன்னிரண்டு ஆண்கள் ஒரு அறைக்குள் இருந்து வாதாடுவார்கள். பதினொரு பேர் குற்றவாளி என்று கை தூக்க, ஒருவர் மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்பார். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கதைக்கிறது முழுக்க ஆண்கள். எனக்கு ஒரு தரம் போதும்.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' சிங்களப் படம். தம்பி பென் ட்ரைவில் போட்டுத் தந்தான். 1997இல் எடுத்ததை 2000இல் அரசாங்கம் தடுத்து, நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போய் அடுத்த வருசம்தான் தியேட்டருக்கு வந்தது. கண் தெரியாத ஒரு கிழவன், ஜோ அபேவிக்கிரம. இராணுவத்துக்குப் போன மகனை முத்திரை வைத்த பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். திறக்கக் கூடாது. நட்டஈட்டுத் தாளில் ஒரு கையெழுத்து வைத்தால் காசு வரும், வீட்டுக் கஷ்டம் தீரும், எல்லோரும் வை வை என்கிறார்கள். கிழவன் வைக்கமாட்டான். மகன் சாகவில்லை என்பான். கடைசியில் தானே மண்வெட்டியோடு போகிறான். அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். எங்களூரில் எத்தனை வீட்டுக்குப் பெட்டியே வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அப்பா எழும்பி வெளியே போய் வேலியைத் திருத்தினார், இரவு எட்டு மணிக்கு. ஒன்றும் கதைக்கவில்லை. நீ "நல்லாயிருக்கிறேன் அம்மா" என்று சொல்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அந்தக் கிழவன்தான் ஞாபகம் வருகிறான்.

சாப்பாட்டை விடாதே. இரவில் பாணும் தேத்தண்ணியும் சாப்பாடாகாது. ஒரு பிடி சோறு வைக்க எத்தனை நிமிசம்?

'வீடு' உனக்குப் பிடிக்கும். பாலு மகேந்திரா எங்கள் கிழக்குப் பிள்ளை, மட்டக்களப்பு அமிர்தகழி. 1988இல் வந்த படம். இதிலும் பாட்டில்லை. சின்னதாக ஒரு வீடு கட்ட வெளிக்கிட்டு, ஒரு பெண் அலைகிற அலைச்சல்தான் கதை. தாத்தாவாக வருகிற சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிற இடத்தில் அழாதவர்கள் மனிதரில்லை. இவ்வளவும் பட்ட பிறகு, அந்தக் காணியைத் தண்ணீர் வாரியம் முதலே எடுத்துவிட்டதாகத் தெரிய வருகிறது. உங்கள் வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருசம் என்று எனக்குத் தெரியாது. வாங்கினபோது கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்வித்தவள் நான்தான், எனக்கும் அந்த வீட்டில் ஆசை இருக்கிறது. ஆனால் கடன் கட்டுகிறோமே, பாதியில் விடலாமா என்று யோசித்துக்கொண்டு ஒருவரும் ஒரு வீட்டுக்குள் இருக்கத் தேவையில்லை. வீடு போனால் போகட்டும்.

கடைசியாக ஒரு ஜப்பான் படம், 'டோக்கியோ ஸ்டோரி'. 1953இல் ஓசு எடுத்தது. கீழே ஓடுகிற இங்கிலீஷை நான் வாசித்து முடிக்க முன்னம் அது போய்விடுகிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்க மூன்று இரவு போனது. ஓனோமிச்சி என்று எங்களூர் போல ஒரு துறைமுக ஊர். அங்கேயிருந்து வயதான தாயும் தகப்பனும் பட்டணத்தில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. மூத்தவன் டொக்டர், மகள் தலைமுடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள், எல்லோருக்கும் வேலை. வைத்துப் பார்க்க நேரமில்லாமல் காசு சேர்த்துக் கிழடுகளை வெந்நீரூற்று உள்ள ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி குளித்துவிட்டு வருகிற இடமென்று நினைக்காதே. இரவெல்லாம் பாட்டும் கூத்தும், பாவங்கள் கண் மூடவில்லை. நீ எங்களை அப்படி நடத்தவில்லை. வந்திருந்தபோது லீவு போட்டு நயாகராவரை கூட்டிப் போனாய், அப்பா இன்றைக்கும் சந்தியில் நின்று அதைச் சொல்லுகிறார். ஆனால் அப்போதே நீ மெலிந்திருந்தாய். கேட்டதற்கு டயட் என்றாய்.

அந்தப் படத்தில் நொரிகோ என்று ஒரு மருமகள். அவளுடைய கணவன் போரில் போய் எட்டு வருசம். பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத நேரம் அவளுக்கு இருக்கிறது. லீவு எடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஓர் இரவு மாமியார் அவளுடைய சின்ன அறையில் படுக்கிறா. மகனின் படம் இருக்கிற அதே அறையில் இருந்துகொண்டு மருமகளிடம் சொல்கிறா, நல்ல ஒருத்தர் வந்தால் கட்டிக்கொள், எங்களுக்காக யோசிக்காதே, நீ இப்படித் தனியே இருப்பதைப் பார்க்க எங்களுக்குத்தான் மனம் கேட்குதில்லை என்று. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் இருந்தேன். மகனைப் பறிகொடுத்தவவே மருமகளுக்கு அப்படிச் சொல்லலாமென்றால், நான் பெற்ற மகளுக்கு ஒரு சொல் சொல்ல எனக்கு என்ன தடை? ஊர் என்ன சொல்லும் என்றா? ஊர் நாலு நாள் கதைக்கும், திருவிழா தொடங்கினால் அதைக் கதைக்கும். இந்த ஊரில் பாதிப்பேரை நான் படிப்பித்தவள். அவர்கள் வீட்டுக் கதை எனக்கும் தெரியும், ஒருவரும் என் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். உனக்குக் கலியாணம் பேசும்போது எல்லாம் விசாரித்துத்தான் செய்தோம். விசாரித்தோம் என்பதற்காக அங்கேயே இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

இவ்வளவு தூரம் எழுத நினைக்கவில்லை. அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம், கிடக்கட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறி இறங்குகிறது. உப்புவெளிச் சின்னம்மா பேரன் பிறந்ததில் நிலத்தில் நிற்கிறாவில்லை. மான்கள் வந்து செவ்வரத்தையை மொட்டையாக்கிவிட்டன.

உன்னுடைய அறையில் கிடந்த பழைய சாமான் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. மின்விசிறி திருத்தி, கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்று. செய்வித்தது அப்பா. வெள்ளை அடிக்கட்டா, பச்சை அடிக்கட்டா என்று மட்டும் என்னிடம் கேட்டார். பச்சை என்றேன். உனக்குப் பச்சைதானே?

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். சனிக்கிழமை உன் நேரம் காலை எட்டு மணிக்கு எடு. வீட்டிலிருந்து எடுக்காதே, கடைக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எடு. எந்தப் படம் பார்த்தாய் என்று கேட்பேன். வேறு எந்தப் படத்தைச் சொன்னாலும் நம்புவேன், படத்தைப் பற்றியே கதைப்போம், பிறகும் துருவமாட்டேன். 'உதிரிப்பூக்கள்' என்றால் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. ரிக்கட்டுக்கு உரிய காசை மாமாவின் மகனிடமே கொடுத்து வைத்திருக்கிறேன், அவனுக்கு விபரம் தெரியாது, நீ கேட்டால் தருவான். உன்னுடைய பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வை. உன் கையில் இல்லையென்றால் அதையும் சனிக்கிழமை சொல்லு.

அன்புடன்,
அம்மா