ரொறன்ரோவில வருஷம் முழுக்க ஸ்போர்ட்ஸ் கார் ஓடுற பிள்ளையளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் பிள்ளையள்,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிறம்ரன் பக்கம் மஸ்ராங், பிஆர்இஸட், ஜிஆர்86, சிவிக் ரைப் ஆர், பழைய 350இஸட் எண்டு ஆசைப்பட்டு வாங்கி, கோடை குளிர் பாக்காமல் அதிலயே வேலைக்கும் யூனிவர்சிற்றிக்கும் கோயிலுக்கும் போய் வாற உங்களுக்குத்தான் இதை எழுதுறன். கார் கடனுக்குக் கையெழுத்து வச்ச அப்பா அம்மாமாரும் வாசிச்சால் நல்லம்.

உங்கள்ல கனபேர் என்னட்டக் கேக்கிற கேள்வி ஒண்டுதான். "அண்ணை, வருஷம் முழுக்க ஓடக்கூடிய நல்ல பெர்ஃபோமன்ஸ் ரயர் எது?" ஜூலையில 30 டிகிரியும் ஜனவரியில மைனஸ் 15ம் வாற இந்த ஊரில அப்பிடி ஒரு ரயர் இல்லை, கோடைக்கு ஒண்டு, குளிருக்கு ஒண்டு எண்டு ரெண்டு செற் வேணும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் உடன முகம் சுருங்கிப் போகுது, ஏனெண்டால் காருக்கே கஷ்டப்பட்டுக் காசு கட்டுற நேரத்தில இன்னொரு ஆயிரம் ரெண்டாயிரம் டொலர் எண்டால் யாருக்கும் கஷ்டம்தான், அது எனக்கு விளங்குது, ஆனாலும் ஏன் சொல்லுறன் எண்டு கேளுங்கோ.

எல்லாரும் வின்ரர் ரயர் எண்டால் ஸ்னோவுக்கு எண்டு நினைக்கிறியள். ஸ்னோ கொட்டினால் போடுவம், றோட்டு காஞ்சிருக்கு, ஐஸ் உருக உப்பும் போட்டிருக்கிறாங்கள், பிறகென்ன எண்டு டிசம்பர் வரைக்கும் சமர் ரயரிலயே ஓடுறியள். பிரச்சினை ஸ்னோ இல்லை, குளிர். சமர் பெர்ஃபோமன்ஸ் ரயரின்ர ரப்பர் சூட்டில இளகிப் பிடிக்கிற மாதிரிச் செய்தது, 7 டிகிரிக்குக் கீழ போகப் போக அது இறுகத் தொடங்கும், இறுகின ரப்பர் தார் றோட்டில இருக்கிற சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள்ள இறங்கிப் பிடிக்காது, மேலால சறுக்கிக்கொண்டு போகும். நம்பாட்டில் நவம்பர் கடைசியில ஒரு நாள் விடிய எழும்பி கார் எடுக்கிறதுக்கு முன்னம் ரயர்ல பெருவிரல் நகத்தால அழுத்திப் பாருங்கோ. ஓகஸ்ட் மாசம் நகம் பதிஞ்ச அதே இடம் பிளாஸ்ரிக் வாளி மாதிரி இருக்கும். மைனஸ் 7, மைனஸ் 10 எண்டு போனால் கார் ஓடாமல் நிண்டாலே காணும், அந்தக் குளிரில உருட்டி எடுக்கேக்க ரப்பர் வெடிப்பு விடலாம் எண்டு ரயர் கம்பனிகளே எச்சரிக்கினம். வெளியில பார்க் பண்ணுற ஆக்கள் இதைக் கவனிக்க வேணும்.

என்ர கதையையும் சொல்லிப்போட்டுப் போறன். கொஞ்ச வருஷத்துக்கு முன்னம், நவம்பர் மாசம், நைற் ஷிஃப்ற் முடிச்சு விடிய ஆறு மணிக்கு 401 ஹைவேயில இருந்து மார்க்கம் றோட்டுக்கு இறங்குறன். டாஷ்ல 2 டிகிரி காட்டுது. மழை இல்லை, ஸ்னோ இல்லை, ஐஸ் இல்லை, காஞ்ச றோட்டு. அப்ப என்னட்ட இருந்ததும் பின் சில்லு இழுக்கிற கார்தான், சமர் ரயர், பள்ளம் 6 மில்லிமீற்றர் ஆழம் இருந்த நல்ல ரயர். கோடையில தினமும் எடுக்கிற அதே வளைவு, அதே வேகம், கொஞ்சமாத்தான் அக்சிலேற்றரை மிதிச்சன், பின்பக்கம் அப்பிடியே போட்டுது. ஸ்ரியரிங்கைத் திருப்பிப் பிடிச்சன், ரயர் பிடிக்கவே இல்லை, ஒரு முழுச் சுத்துச் சுத்தி கரையில இடிச்சு பின் றிம் ரெண்டும் உடைஞ்சுது. பின்னால ஒரு வாகனமும் வராதபடியால இண்டைக்கு இதை எழுதுறன். கார் வித்த இடத்தில வின்ரர் ரயர் வேணுமோ எண்டு முதலே கேட்டனான், "ரொறன்ரோ தானே, மெல்லமா ஓடினால் காணும்" எண்டவை. மெல்லமாத்தான் ஓடினன்.

அப்ப எல்லாக் காலத்துக்கும் எண்டு விக்கிற ஓல் சீசன் ரயர் போடலாமே எண்டு கேப்பியள். அந்தப் பேரே ஆக்களை ஏமாத்துது எண்டுதான் நான் சொல்லுவன். பெர்ஃபோமன்ஸ் ஓல் சீசன்ல நல்லது இல்லாமல் இல்லை, மிஷலின் பைலற் ஸ்போர்ட் ஓல் சீசன் 4, கொன்ரினென்ரல் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் எல்லாம் உண்மையாவே கெட்டித்தனமான ரயர், வான்கூவர் மாதிரி ஒரு இடத்தில இருந்தால் நானே அதைத்தான் போடுவன். ஆனா அந்தக் கொன்ரினென்ரலின்ர மேல்பக்கத்தைக் குனிஞ்சு பாருங்கோ, டி, டபிள்யூ, எஸ் எண்டு மூண்டு எழுத்து ரப்பர்லயே பொறிச்சிருக்கும், காஞ்ச றோட்டு, ஈர றோட்டு, ஸ்னோ எண்டு அர்த்தம். ரயர் தேயத் தேய முதல்ல அழியிறது எஸ். அதாவது ரயர் இன்னும் நல்லா இருக்கேக்கயே ஸ்னோவுக்கு இனி நான் சரிவரமாட்டன் எண்டு அதுவே சொல்லுது. கோடையிலயும் சமர் ரயரின்ர பிடி அதுக்கு வராது, சூட்டு மழையில பிறேக் பிடிக்கேக்க வித்தியாசம் தெரியும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினதே அந்த ஸ்ரியரிங் கையில பேசுற சந்தோஷத்துக்குத்தானே, பிறகு ஏன் ரெண்டு பக்கமும் அரைகுறையா?

ரயர் சுவரில இருக்கிற அடையாளமும் தெரிஞ்சிருக்க வேணும். எம் பிளஸ் எஸ் (சேறும் ஸ்னோவும்) எண்டு மட்டும் இருந்தால் அது பள்ளம் வெட்டின அமைப்பைப் பற்றித்தான் சொல்லுது, ஸ்னோவில ஓட்டிச் சோதிச்சது எண்டு அர்த்தமில்லை. மூண்டு முகடு உள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் இருந்தால்தான் சோதனை பாஸ் பண்ணினது. அந்தச் சோதனையும் இறுகின ஸ்னோவில எவ்வளவு இழுக்குது எண்டதை மட்டும்தான் பாக்குது, எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டதை இல்லை, ஆனபடியால அடையாளம் இருக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். கியூபெக்கில பதிஞ்ச கார் எண்டால் டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் வின்ரர் ரயர் சட்டம், மொன்றியல்ல இருக்கிற உங்கட மச்சான்மார் எல்லாரும் போடுகினம். ஒன்ராறியோவில சட்டம் இல்லை, அதால நாங்கள் போடுறதில்லை. 401 மட்டும் வழுக்காதோ?

காசைப் பற்றிக் கதைப்பம். இப்ப என்னட்ட இருக்கிறது ஜிஆர்86. கோடைக்கு 18 இஞ்சி றிம், 215/40 ரயர், அதாவது அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில 40 வீதம். குளிருக்கு அதையே வாங்கத் தேவையில்லை, 17 இஞ்சி றிம்மில 215/45 போட்டிருக்கிறன். கணக்குப் பாருங்கோ, முதலாவதின்ர முழு உயரம் 629 மில்லிமீற்றர், மற்றதின்ரது 625, ஒரு வீதம் கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீற்றர் பிழை காட்டாது. 17 இஞ்சி ரயர் விலை குறைவு, பக்கச் சுவர் உயரம் எண்டபடியால மார்ச் மாசக் குழியளுக்குள்ள விழுந்தாலும் றிம் தப்பும், உப்பு தின்னுறதும் மலிவான றிம்மைத்தான். உங்கட காருக்கு எந்த அளவு சின்ன றிம் பிறேக்கில முட்டாமல் ஏறும் எண்டு முதல் கேட்டுப்போட்டு வாங்குங்கோ. அதோட ஒரு செற் ஓடேக்க மற்ற செற் தேயாது. ரெண்டு செற் எண்டது ரெண்டு மடங்கு செலவில்லை, ரெண்டு மடங்கு காலம் ஓடப்போற ரயர். 2016 ஜனவரியில இருந்து ஒன்ராறியோவில எல்லா இன்சூரன்ஸ் கம்பனியும் வின்ரர் ரயருக்குக் கழிவு குடுக்க வேணும், பெரிய காசில்லை, ஆனா கேட்டு வாங்குங்கோ.

வின்ரர் ரயர்லயும் ரெண்டு சாதி இருக்கு. ஐஸுக்கெண்டு செய்த மெத்தை மாதிரியானது, பிளிசாக், எக்ஸ் ஐஸ் மாதிரி, ஒண்டு, பைலற் அல்பின் மாதிரி பெர்ஃபோமன்ஸ் வின்ரர் இன்னொண்டு. ரொறன்ரோவுக்குள்ள உப்பு போட்ட ஹைவேயில கனக்க ஓடுற ஆள் எண்டால் ரெண்டாவது, ஸ்ரியரிங் அவ்வளவு குழையாது. வடக்கில இருக்கிற பரி நகரப் பக்கம் போய் வாறவை, உள் றோட்டு வழியவே ஓடுறவை முதலாவதைப் போடுங்கோ.

இதை மட்டும் தயவுசெய்து செய்யாதேங்கோ: பின் சில்லுதானே இழுக்குது எண்டு பின்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர். இழுக்கிறது பின்னுக்கு, திருப்புறதும் பிறேக்கின்ர பெரும்பங்கும் முன்னுக்கு, லைற்றில கார் நேராப் போய் மற்றவன்ர கதவில நிக்கும். முன் சில்லு இழுக்கிற காருக்கு முன்னுக்கு மட்டும் போட்டால் பின்பக்கம் சுத்தும். நாலும் போட வேணும். நாலு சில்லும் இழுக்கிற சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வச்சிருக்கிறவையும் கேளுங்கோ, நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிடத்தான் உதவும், நிக்கிறதுக்கு ரயர்தான் இருக்கு.

ரயர்ல காத்தையும் பாருங்கோ. கிட்டத்தட்ட ஒவ்வொரு அஞ்சரை டிகிரி குறையவும் காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இறங்கும், 20 டிகிரியில 35 அடிச்சது மைனஸ் 15ல 29 தான் இருக்கும். பழசு வாங்கிறது எண்டால் சுவரில டொட் எண்ட எழுத்துக்குப் பின்னால கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 2319 எண்டால் 2019ம் ஆண்டு 23ம் கிழமை செய்தது. பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச வின்ரர் ரயரை ஸ்னோவுக்கு வாங்காதேங்கோ, விக்கிறவர் சட்டப்படி ஓகே எண்டுவார், சட்டம் கேக்கிறது 1.5 தான்.

முதல் ஸ்னோ கொட்டின அண்டைக்கு எல்லாக் கடையிலயும் லைன் நிக்கும், ஒக்ரோபர் நடுப்பகுதிக்கே நேரம் எடுத்து வையுங்கோ. மாத்தி நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பப் போய் சில்லு நட்டெல்லாம் இறுக்கம் பாருங்கோ. கையில காசு இல்லாட்டில் குளிர்கால நாலு மாசம் அப்பாவின்ர கொரோலாவைக் கேட்டு ஓடுங்கோ, அப்பாமாரே, கேட்டால் குடுங்கோ.

அன்போட,
ஸ்காபரோவில இருந்து ஒரு அண்ணா