கொடைக்கானலில் கோடை முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

மூன்று நாள் முகாமில் ராப்பெல்லிங் (கயிற்றின் துணையோடு பாறையில் இறங்குவது), ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), பர்மா பாலம் (கயிற்றுப் பாலம்), டிரெக்கிங், வில்வித்தை உட்பட எட்டு விளையாட்டுகளை அடுக்கி, பிள்ளைகளுக்கு மன உறுதி வளரும் என்று பெற்றோரிடம் சொல்கிறீர்கள். வளரும்தான். ஆனால் இப்படி அவசரமாக அடுக்கினால் வளராது என்பது பயிற்சியாளர்களாகிய எங்கள் கருத்து.

ஜிப்லைனில் பிள்ளை செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. மாட்டிவிட்டால் கம்பியே கொண்டுபோய்ச் சேர்க்கும். ராப்பெல்லிங் அப்படியல்ல. விளிம்பில் பயம் வந்ததும் உடம்பு பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். உடனே பாதத்தில் அழுத்தம் குறையும், கால் வழுக்கும், முழங்கால் இடிக்கும். காலை அகட்டி, பின்னால் சாய்ந்து, பாதத்தைப் பதித்தால்தான் பிடிப்பு வரும். பயம் போகாமலே பயம் சொல்வதற்கு மாறாகச் செய்யப் பழகுவதுதான் இங்கே பாடம். ஒரே இறக்கத்தில் அது வராது. முதல் நாள் பத்தடிச் சரிவு, மறுநாள் அதே பாறையில் இன்னும் கொஞ்சம் மேலிருந்து என்று வையுங்கள். 1997இல் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டியும் உடன் ஆய்வாளர்களும் 96 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், நீண்ட நாள் நடந்த சாகசப் பயிற்சிகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

விளிம்பில் அழுகிற பிள்ளையைச் சுற்றி நின்று "இறங்கு, இறங்கு" என்று கத்தவிடாதீர்கள். இறங்கிவிடுவான், ஆனால் கேலிக்குப் பயந்து இறங்கியிருப்பான். "இன்னைக்கு இது போதும்" என்று சொல்ல அவனுக்கு உரிமை வேண்டும். எங்கே பயம் வந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று சாயங்காலம் அரைமணி நேரம் பேசுங்கள்.

கயிற்றை நம்பினால்தான் பிள்ளை சாய்வான். இடுப்பெலும்பு சரியாக வளராத சிறுவர்களுக்கு இடுப்பு ஹார்னஸ் (கயிற்றோடு உடம்பைப் பிணைக்கும் வார்ப்பட்டை) போதாது, தலைகீழானால் நழுவிவிடும். முழு உடல் ஹார்னஸ் போடுங்கள். பின்னலைச் சட்டைக்குள் விட்டு, துப்பட்டாவைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்; இறங்கும் கயிறு ஓடுகிற '8' வடிவ உலோக வளையத்தில் முடி சிக்கினால் பிள்ளை நடுப்பாறையில் தொங்க நேரிடும். இறங்கும் கயிறு தவிர, மேலிருந்து பயிற்சியாளர் பிடிக்கும் பாதுகாப்புக் கயிறு தனியாக வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனியும் இடிமழையும் வரும் மலை இது. பாறை வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்த சீசனில் எட்டை மூன்றாகக் குறையுங்கள். சான்றிதழில் 'அனைத்தையும் முடித்தார்' என்று அச்சடிக்காமல், முதல் நாள் எங்கே நின்றார், கடைசி நாள் எதுவரை போனார் என்று கையால் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழனி மலைப் பயிற்சியாளர்கள் சிலர்