விஜிக்கு, ஓர்லாண்டோ புறப்படும் முன்

அன்புள்ள விஜி,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இதுவே பதில். அம்மாவின் முதல் வருடத் திதி முடிந்ததும் எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் அம்மாவைத் தவிர வேறு எதுவும் வராது என்று தெரிந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ கோபப்பட்டிருக்க மாட்டாய். இருந்தாலும் மன்னித்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். ரவிக்கு வேலை மாறியிருக்கிறது. நிலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கபிலன் என் தோள் வரை வளர்ந்துவிட்டான். சாந்தி பேசினாள், தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்தில் நம் ஹாஸ்டல் வார்டன் அம்மாவைப் பார்த்தாளாம். அதே குரல், இடுப்பில் அதே சாவிக்கொத்து. நெல்லிக்காய் விஷயம் அவருக்கு இன்றுவரை தெரியாதாம்.

இப்போது இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உன் கடைசிக் கடிதத்தில் இருந்த ஒரு வரி. "ஜூனில் டிஸ்னி வேர்ல்ட் போகிறோம், டிக்கெட் வாங்கியாகிவிட்டது, மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." அடி பாவி, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் காலம் மலையேறிவிட்டது! அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மார்ச் மாதம் போய்விட்டு வந்தோம். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

2009இல் நாம் நான்கு பேரும் போனது நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்காரர் எல்லோருடைய டிக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு ஸ்பேஸ் மவுண்டன் சவாரியை நோக்கி ஓடினாரே! அங்கே இருந்த எந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று அச்சிட்ட சீட்டு ஒன்று வரும். அந்த நேரத்துக்குப் போனால் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிவிடலாம். 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் ஏற்பாடு அது. காசு கிடையாது. ஓடத் தெரிந்த ஒரு ஆள் குடும்பத்தில் இருந்தால் போதும். 2014 வாக்கில் அது கைப்பேசிக்குப் போனது. டிஸ்னியின் விடுதியில் தங்குபவர்கள் 60 நாள் முன்பே, மற்றவர்கள் 30 நாள் முன்பே மூன்று சவாரிகளுக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம், அப்போதும் இலவசம்தான். 2020இல் பெருந்தொற்றுக்காகப் பூங்காவை மூடியபோது அதுவும் நின்றது. 2021 அக்டோபரில் புதிய பெயரோடு, கட்டணத்தோடு, அன்றன்றைக்கு எடுக்கும் முறையாக வந்தது. 2024 ஜூலையிலிருந்து கட்டணமும் உண்டு, முன்பதிவும் உண்டு. லைட்னிங் லேன் என்று பெயர்.

உனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். லைட்னிங் லேனில் மல்ட்டி பாஸ் என்பதை வாங்கினால் ஒரு பூங்காவில் மூன்று சவாரிகளை முன்கூட்டியே பதிவு செய்யலாம். மேஜிக் கிங்டம் பூங்காவில் பெரிய சவாரிகள் ஒரு பிரிவு, மற்றவை இன்னொரு பிரிவு. முதல் பிரிவிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள், அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்றை முடித்தால் இன்னொன்றைப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் முதல் சவாரியைக் காலையிலேயே வைத்துக்கொள். செவன் ட்வார்ஃப்ஸ் சுரங்க ரயில், ட்ரான் என்ற இரண்டு சவாரிகளும் இதில் சேராது, தனியாகக் காசு கட்ட வேண்டும். விலையும் நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா மாறும்.

அவர்கள் விடுதியில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பே பதிவு திறக்கும். நீ நாத்தனார் வீட்டில் தங்கப்போகிறாய், ஆகவே உனக்கு மூன்று நாள்தான். பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று நாள் முன்னதாக, கிழக்கு நேரம் காலை ஏழு மணிக்கு. டாலஸில் அப்போது மணி ஆறு! உன் பயணத் தேதியை எடுத்துவைத்துக்கொண்டு இப்போதே எண்ணிப் பார். அந்த மூன்றாம் நாள் காலை நீங்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் நாளாக இருந்தால் என்ன செய்வாய்? தட்கல் டிக்கெட்டுக்குப் பத்து மணிக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவள் நீ. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விஜி, பதிவு செய்வது பெரிய வித்தை இல்லை. நானும் நன்றாகத்தான் செய்தேன். விடுதியில் தங்கியதால் ஏழு நாள் முன்பே, காலை ஏழு மணிக்கு, பதினைந்து நிமிடத்தில் மூன்றையும் பிடித்துவிட்டேன். ஜங்கிள் குரூஸ் 10:05க்கு. கபிலனுக்குக் கார் ஓட்ட வேண்டும் என்பதால் டுமாரோலேண்ட் ஸ்பீட்வே 11:20க்கு. பேய் மாளிகை 12:30க்கு. மேஜிக் கிங்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார், உனக்கே புரியும். முதலாவது மேற்கே, இரண்டாவது கிழக்கே, மூன்றாவது மறுபடி மேற்கே. மணியைப் பார்த்தேனே தவிர இடத்தைப் பார்க்கவில்லை. எழுபத்தாறு வயது மனிதர் ஒருவர் இரண்டு முழங்கால் வலியோடு எங்களுடன் நடக்கப்போகிறார் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் என் நினைவுக்கே வரவில்லை.

ஜங்கிள் குரூஸ் படகில் அப்பா ஏறினார், இறங்கினார், எதுவும் சொல்லவில்லை. அங்கிருந்து ஸ்பீட்வேக்கு அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனேன். கோட்டையைத் தாண்டும்போது என் கையை விடுவித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வேண்டாம்மா, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அம்மா போனதிலிருந்து அப்பா அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். சாப்பாடு வேண்டாம்மா. டாக்டர் வேண்டாம்மா. வெளியே வேண்டாம்மா. கைப்பேசியில் 11:20 என்று எரிந்துகொண்டிருக்கிறது, கபிலன் குதிக்கிறான், நிலா தண்ணீர் கேட்கிறாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது தூரத்தில் விசில் கேட்டது.

அப்பா தலையை நிமிர்த்தினார். "ஸ்டீம்" என்றார். ஒலிபெருக்கியில் போடும் சத்தமாக இருக்கும் மாமா என்றார் ரவி. அப்பா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்கு நீராவியின் குரலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வித்தியாசம் தெரியாதா? எழுந்துவிட்டார். பிள்ளைகளை ரவியோடு ஸ்பீட்வேக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை மெல்ல நடத்தி வாசலுக்கு மேலே இருக்கும் மெயின் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

அந்த ரயிலுக்கு முன்பதிவே கிடையாது, விஜி. செயலியில் பதிவு செய்யும் சவாரிகளின் பட்டியலில் அது இல்லாததால் நானும் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை. பூங்காவை ஒன்றரை மைல் சுற்றி வரும் உண்மையான நீராவி ரயில். நான்கு எஞ்சின்களும் பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916க்கும் 1928க்கும் இடையில் செய்தவை. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தவற்றை 1969இல் வாங்கி வந்து புதுப்பித்திருக்கிறார்கள். இதெல்லாம் அப்பா ஓட்டுநரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவருடைய ரயில்வே ஆங்கிலமும் அந்த மனிதரின் ஃப்ளோரிடா ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று எப்படிப் புரிந்தன என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கொதிகலன் பற்றிப் பேசியதில் ஒரு சொல்கூட வீணாகவில்லை. தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, "இது மீட்டர் கேஜ் இல்லை, அதைவிட ஒடுக்கம், மூன்றடி" என்றார். ஓட்டுநர் ஆமாம் என்று தலையசைத்தார். எண்ணெயில் எரியும் எஞ்சின் என்று கேட்டதும், ஊட்டி ரயில் எஞ்சினைப் பொன்மலையில் எண்ணெய்க்கு மாற்றிய கதையை அப்பா தொடங்கிவிட்டார். நாங்கள் நூறு முறை கேட்ட கதை. போன ஒரு வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்காத கதை.

அன்று நின்றிருந்த எஞ்சினின் பக்கவாட்டில் லிலி பெல் என்று எழுதியிருந்தது. யார் பெயர் என்று அப்பா கேட்டார். வால்ட் டிஸ்னியின் மனைவி லிலியனின் பெயர் என்று சொன்னேன். சற்று நேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்கள் அம்மா பட்டறைச் சங்கு ஊதினால்தான் உலை வைப்பாள். சங்கு தப்பினாலும் தப்பும், அவள் சோறு தப்பாது" என்றார். அம்மாவைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான் முதல் முறை. நான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசட்டும் என்று இருந்தேன். மூன்று சுற்று போனோம். பேய் மாளிகையில் எங்கள் இருவரின் பதிவை ரயிலில் இருந்தபடியே ரத்து செய்துவிட்டேன். ரவியும் பிள்ளைகளும் போய் வந்தார்கள்.

அதனால்தான் உன்னை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன். உன் மாமியாரையும் அழைத்துப் போகிறாய். செயலியைத் திறப்பதற்கு முன்னால் அவரிடம் போய் உட்கார். எதைப் பார்க்க ஆசை, எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை மணிக்கு மாத்திரை, எல்லாவற்றையும் கேள். அதை முதலில் தாளில் எழுதிவிட்டு, மிச்சம் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பதிவு செய். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையாகப் பார்த்து எடு; இருபது நிமிடம் தாமதமான நேரம் கிடைத்தாலும் பரவாயில்லை. சக்கர நாற்காலி வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், நீ எடுத்துவிடு. மதியத்துக்கு மேல் எதையும் பதிவு செய்யாதே. ஒன்று முடிந்ததும் அடுத்தது, அடுத்தது என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டே நடப்பவர்களை நிறையப் பார்த்தேன். வாணவேடிக்கை நடக்கும்போதும் ஒருவர் தலை குனிந்து மறுநாளைக்கு நேரம் தேடிக்கொண்டிருந்தார், அவருடைய சின்னப் பெண் அவர் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

நிலா ஒன்று கேட்டாள். "அம்மா, அந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் ஏன் நிற்கிறார்கள்? அவர்களுக்கு இது தெரியாதா?" தெரியும், அதற்குக் காசு வேண்டும் என்றேன். "அப்படியென்றால் நாம் முன்னால் போவது சரியா?" அவளுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. திருப்பதியில் 300 ரூபாய் வரிசையில் போகும்போதெல்லாம் அம்மா தர்ம தரிசன வரிசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், நினைவிருக்கிறதா? உனக்கு ஏதாவது பதில் தோன்றினால் எழுது, அவள் இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக, உன் சின்னவளின் உயரத்தை அளந்துவிடு. சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம், ட்ரானுக்கு 48. அளக்காமல் எதையும் வாக்குக் கொடுத்துவிடாதே. உயரம் போதாவிட்டால் வாசலில் இருப்பவரிடம் சொல். ஒருவர் குழந்தையோடு வெளியே இருந்துவிட்டு, மற்றவர்கள் வந்த பிறகு, நீண்ட வரிசையில் நிற்காமல் போய்வர வழி இருக்கிறது.

பதிவு நாளை எனக்குத் தெரிவி. உனக்கு ஆறு மணி என்றால் எனக்கு ஏழு. நான் விழித்துத்தான் இருப்பேன், போன் செய்து எழுப்புகிறேன். ஹாஸ்டலில் எழுப்பியதைப் போலத் தண்ணீர் தெளிக்க மாட்டேன்.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நீ போகும் நாளில் எந்த எஞ்சின் ஓடுகிறது என்று பார்த்து எழுத வேண்டுமாம். பெயர் மட்டும் போதாதாம், எண்ணும் வேண்டுமாம்.

உன்
மங்கை