பென் டிரைவ் பாட்டுக்குக் கும்மி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹங்கேரி, ஸ்லோவாக்கியா நாட்டுப்புற ஆட்டங்களைச் சேர்த்து மேடையேற்றும் குழுக்களைப் பற்றி ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள். உடைகளைப் பற்றி நிறைய இருந்தது. வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கும்மியும் ஒயிலும் சொல்லித் தருகிற எங்களுக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

முதல் உலகப் போர் முடியும்வரை ஸ்லோவாக் ஊர்கள் ஹங்கேரி அரசுக்குள்தான் இருந்தன. மெட்டும் ஆட்டமும் கலந்ததில் வியப்பில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1906 முதல் திரட்டிய ஸ்லோவாக் மெட்டுகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். சார்தாஷ் என்னும் ஜோடி ஆட்டம் இரு பக்கமும் உண்டு. மெதுவாகத் தொடங்கி வேகத்தில் முடியும். அந்த வேகத்தை ஏற்றுபவர் முதல் வயலின்காரர். அவர் கண் ஆடுகிறவர் காலிலேயே இருக்கும். மெதுவான பகுதியில், வயலினைவிடச் சற்றுப் பெரிய பக்கத்து வயோலா, ஒரே வில்லிழுப்பில் இரண்டு தாளத் தட்டு வாசித்து, இரண்டாவதை அழுத்தும். வேகப் பகுதியில் டபுள் பாஸ் என்னும் கனத்த குரல் பெரிய தந்தி வாத்தியம் தட்டின்மேல் விழ, வயோலா தட்டுக்கு நடுவே விழும். கால் அந்த நடு அடியைப் பிடித்துத்தான் துள்ளுகிறது. பதிவு செய்த இசையில் வேகம் முன்பே முடிவாகிவிடும். ஆடுகிறவர் அதைத் துரத்த வேண்டியதுதான். ஊர் ஆட்டங்களை மக்களே கூடி ஆடும் தான்ட்ஸ்ஹாஸ் ('ஆட்ட வீடு') இயக்கம் 1972இல் புடாபெஸ்ட்டில் தொடங்கியது; அது நேரடி வாசிப்புக்கே ஆடுவது என்று நின்றது. 2011இல் யுனெஸ்கோ அதை மரபைக் காக்கும் முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

பெண்கள் கைகோத்துப் பாடியபடி ஆடும் வட்ட ஆட்டமும் இரு நாட்டிலும் உண்டு. மேடைக்காக வட்டத்தை உடைத்துப் பார்வையாளரைப் பார்த்து வரிசையாக நிறுத்தினால், ஒருவர் வாயை ஒருவர் பார்க்க முடியாது; பாட்டு பிசிறும். நம் கும்மியிலும் இதே கதைதான். ஆளுக்கு நாலடி இடம் வைத்தால் 16 பேர் வட்டத்துக்குச் சுமார் 20 அடி விட்டம் போதும். மேடை சிறிதென்றால் ஆளைக் குறையுங்கள், வட்டத்தை உடைக்காதீர்கள்.

முருகன், வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியின் ஆசான் கோவை பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் அந்தக் கும்மிக்கு வந்திருக்கும் மதிப்பு எங்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் ஊர் நோம்பிகளில் பெரிய மைதானத்தில் நூற்றுக்கணக்கானோரை நிறுத்தி, மேடையோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர் அடுக்கிப் பென் டிரைவைச் சொருகிவிடுகிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடிதான் போகும். 220 அடி தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 0.2 நொடி தாமதம். நிமிடத்துக்கு 100 கொட்டு என்றால் ஒரு கொட்டுக்கு 0.6 நொடி, அதில் மூன்றில் ஒரு பங்கு பிந்திவிடுகிறது. பின்வரிசையினர் காதை நம்பினால் பிந்துவார்கள், முன்வரிசையின் கையைப் பார்த்தால் பாட்டோடு சேராது. பயிற்சி போதவில்லை என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம்.

சிறு ஸ்பீக்கர்களை 50 அடிக்கு ஒன்றாகக் களம் முழுக்கக் குறைந்த ஒலியில் வைக்கலாம். அதைவிட நல்லது, சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பாடும் ஆசிரியர் ஒருவரையும் தவில்காரர் ஒருவரையும் நிறுத்துவது. மேடை என்றால் அவர்களை ஓரத்துத் திரைக்குப் பின்னால் தள்ளாமல், ஆடுகிறவர் கால் தெரியும் இடத்தில் அமர்த்துங்கள். எல்.இ.டி. திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். தவில்காரரை ஒத்திகைக்கே வரவழைத்துச் சம்பளம் கொடுங்கள். நோம்பியன்று காலையில் வந்திறங்குபவருக்கு, எந்த அடியில் வட்டம் திரும்புகிறது என்று எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
கும்மி, ஒயில் பயிற்றுநர்கள்,
பெருந்துறை வட்டாரம்.