பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதியைச் செலுத்தாத நூற்பாலை நிர்வாகத்தின் மீது நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
நூற்பாலைத் தொழிலாளர்கள்
(பெயர், யு.ஏ.என். எனும் வைப்பு நிதிக் கணக்கு அடையாள எண், கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்:
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்,
மண்டல அலுவலகம், கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) நிலுவையை வசூலித்தல், இழப்பீட்டுத் தொகை விதித்தல், குற்ற வழக்குத் தொடர்தல் – தொடர்பாக.

வணக்கம். நாங்கள் பணிபுரியும் ஆலையில் மாதந்தோறும் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கப்படுகிறது. ஆனால் 2023 அக்டோபர் மாதத்துக்குப் பின் எங்கள் பாஸ்புக்கில் ஒரு வரவும் ஏறவில்லை. ரூ.15,000 ஊதியம் பெறுபவரின் சம்பளச் சீட்டில் ரூ.1,800 பிடித்தம் என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. நிர்வாகம் தன் பங்காகச் செலுத்த வேண்டிய ரூ.1,800-இல் ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் ரூ.550 வைப்பு நிதிக்கும் சேர வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டிய இவ்விரு பங்குகளுமே கட்டப்படவில்லை. எங்களுள் சிலர் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுச் சேவையை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள்.

கேட்டால், நூலுக்கு ஆர்டர் இல்லை என்கிறார்கள். அந்த நெருக்கடி உண்மையாகவே இருக்கலாம். எனினும், தன் பங்கைக் கட்ட முடியாமல் போவது வேறு, எங்கள் கூலியிலிருந்து எடுத்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வேறு. பின்னதை நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவும் கொள்கின்றன. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 14(1அ) பிரிவு இதற்கு ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் ரூ.10,000 அபராதமும் வகுத்துள்ளது.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கு 14பி பிரிவின் கீழ் ஆண்டுக்கு 25 விழுக்காடாக இருந்த இழப்பீட்டுத் தொகை, 2024 ஜூன் மாதத் திருத்தத்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு என்றாயிற்று. 7கியூ பிரிவின் 12 விழுக்காடு வட்டியைச் சேர்த்தாலும், ஈடும் ஜாமீனும் கேட்காத கடனாகவே எங்கள் பணம் நிர்வாகத்துக்குப் பயன்படுகிறது. ஆகவே பணத்தால் தீரும் தண்டனை மட்டும் போதாது என்று கருதுகிறோம். இழப்பீடு விதிக்க உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை என 2022-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

எனவே, 7ஏ பிரிவின்படி விசாரணை நடத்தி நிலுவையைத் தீர்மானித்து, கட்டத் தவறினால் 8-ஆம் பிரிவின் கீழ் சொத்துகளைப் பற்றுகை செய்து வசூலிக்குமாறும், திருத்தத்துக்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய விகிதத்திலேயே இழப்பீடு கணக்கிடுமாறும், பிடித்தம் செய்த பங்குக்காகத் தனியே குற்ற வழக்குத் தொடருமாறும் கேட்டுக்கொள்கிறோம். இழப்பீட்டுத் தொகை எங்கள் கைக்கு வராது என்பதை அறிவோம். வசூலாகும் நிலுவையாவது மொத்தத் தொகையாகக் கிடந்துவிடாமல் அவரவர் கணக்கில் மாதவாரியாக வரவு வைக்கப்பட, உரிய விவரப் பட்டியலை நிர்வாகத்திடமிருந்து கட்டாயம் பெற வேண்டும். விசாரணை முடியும்வரை எங்கள் பெயர்கள் நிர்வாகத்துக்குத் தெரியாதவாறு காக்கவும் வேண்டுகிறோம். சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

நாள்: 10.03.2025

இப்படிக்கு,
நூற்பாலைத் தொழிலாளர்கள்