ஏற்காட்டுத் தீக்குத் தண்ணீர் எங்கே மொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதத்தில் சேர்வராயன் மலைச்சரிவில் புகை எழுந்தால், "சூலூரில்தான் விமானப்படை இருக்கிறதே, ஒரு ஹெலிகாப்டரை அனுப்பக் கூடாதா?" என்று சேலத்தில் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. விமானப்படையின் எம்.ஐ.-8, எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் இரண்டிலும் என்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2017 டிசம்பரில் விடைபெற்ற எம்.ஐ.-8, கோடை வெயிலில் மலை உயரத்துக்குப் போனால் மூச்சு வாங்கும். சுமையைக் குறைத்துத்தான் கிளப்புவோம். எம்.ஐ.-17 ஏறக்குறைய அதே உடல், ஆனால் வலுவான என்ஜின். (தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: எம்.ஐ.-8க்கு வால் விசிறி வலப்பக்கம், எம்.ஐ.-17க்கு இடப்பக்கம்.) சரக்கும் வீரர்களும் ஏற்றிய அந்த வண்டியில்தான் 1999 கார்கில் போரில் ராக்கெட் மாட்டினார்கள். மே 28 அன்று டோலோலிங் மலையில் ஒன்று ஏவுகணைக்கு இரையாகி, அதிலிருந்த நால்வரும் உயிர் துறந்தார்கள். ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறிக் குண்டுகள் அதில் இல்லை. அந்த நால்வரை நினைக்காமல் இந்த ஹெலிகாப்டரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

சூலூரில் இப்போது இருப்பது எம்.ஐ.-17 வி5. அந்தத் தற்காப்பு இதில் உண்டு. முப்பத்தாறு வீரர்களை ஏற்றலாம். இல்லையென்றால் அடிவயிற்றுக் கொக்கியில் நாலரை டன் வரை தொங்கவிடலாம். அதே கொக்கியில் தண்ணீர் வாளியைக் கட்டித்தான் 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீயை அணைக்க வந்தார்கள்.

சூலூரிலிருந்து ஏற்காடு வான்வழியே சுமார் 140 கி.மீ. முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வந்தபின் தண்ணீர் எங்கே மொள்வது? ஏற்காடு ஏரி ஊருக்கு நடுவே இருக்கிறது; சுற்றிலும் மரங்கள், விடுதிகள், நீரில் படகுகள். வண்டியும் சுமையுமாக 13 டன் எடையைத் தூக்கும் விசிறிக் காற்று அங்கே இறங்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அடிவாரத்து மூக்கனேரியில் மரம் வளர்ந்த திட்டுகள் பல இருக்கின்றன, பறவைகளும் அதிகம்; பறவை என்ஜினுக்கு ஆகாது. மேட்டூர் அணை விசாலமானதுதான், ஆனால் போக நாற்பது கி.மீ.க்கு மேல், வர அதே தூரம். வாளி தொங்கும்போது வேகமாகப் பறக்கவும் முடியாது. ஒவ்வொரு நடைக்கும் இடையில் தீ ஒரு சரிவைத் தாண்டியிருக்கும்.

இதையெல்லாம் தீப்பிடித்த பிறகு யோசிக்க முடியாது. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் ஜனவரியிலேயே விமானப்படையை அழைத்து இடம் பார்க்க வேண்டும். எந்த ஏரி, அந்த மாதத்தில் எவ்வளவு ஆழம், மின்கம்பிகள் எங்கே, படகுகளை நிறுத்தும் பொறுப்பு யாருக்கு, எரிபொருள் லாரி காமலாபுரம் விமான நிலையத்தில் நிற்குமா என்று முடிவு செய்து, வாளியுடன் ஒரு ஒத்திகையும் நடத்த வேண்டும். வருகிற கோடைக்குள் இது நடக்க உங்கள் நாளிதழ் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை வீரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.