நன்றி மடல்: குசினிக்குள்ளும் கிணற்றடிக்கும் எங்களை விட்டவர்களுக்கு

பாரிசவாதம் வந்து ஆறு மாதம் கடந்தவர்கள் வீட்டு வேலைக்குத் திரும்ப, உள்ளூரில் செய்த சிறு உபகரணங்கள் எவ்வளவு கைகொடுக்கின்றன என்பதுதான் எங்கள் தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) இளமாணி ஆய்வு. ஆய்வேடு ஒப்படைத்தாயிற்று. மேற்பார்வையாளர்கள், திணைக்களம், நூலகம், நெறிமுறைக் குழு எல்லோருக்கும் அதன் நன்றியுரைப் பக்கத்தில் முறைப்படி இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குள் அடங்காத மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி வீட்டுக்காரருக்கு. கிளினிக்கில் ஒருவர் சட்டை போடுவதைப் பார்க்கலாம். திருவலையில் தேங்காய் திருவுவதைப் பார்க்க முடியாது. 1965இல் வெளிவந்த பாத்தல் சுட்டி உண்பது, குளிப்பது, உடுப்பது, படியேறுவது என்று பத்து விடயங்களைக் கேட்டு நூற்றுக்குப் புள்ளி தரும். நூறும் வாங்கிய ஒருவரால் சோறு வடிக்க முடியாமல் இருக்கலாம், ஏனென்றால் சமையல் அதில் இல்லவே இல்லை. ஆகவே 1991இல் வந்த கனேடியத் தொழிற்பாட்டு அளவீட்டையும் சேர்த்தோம். அதில் தனக்கு முக்கியமான வேலை எது என்று நோயாளியே சொல்வார்; அதை எவ்வளவு செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே புள்ளியும் இடுவார். இரண்டு புள்ளியாவது ஏறினால்தான் முன்னேற்றம் என்று எடுப்பது வழக்கம்.

ஆனால் எண்ணில் புள்ளி கேட்டால் முதியவர்கள் பலர் "பரவாயில்ல புள்ள" என்று ஐந்திலேயே நிற்பார்கள். பத்துப் படி ஏணியொன்றை மட்டையில் வரைந்து தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நன்றி. மேல்படி, நோய்க்கு முன் செய்த மாதிரி. கீழ்ப்படி, தொடவே ஏலாது. விரலை வைத்துக் காட்டினால் போதும் என்பதால் பேச்சுத் தடைப்பட்டவர்களும் தங்கள் பதிலைத் தாங்களே தந்தார்கள்.

வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்வது இந்தத் துறையில் தீராத தலையிடி. "உம்மாவால ஏலாது" என்று ஒரு குரல் வந்துவிட்டால், உம்மா அதற்குமேல் படி ஏறமாட்டார். அதனால் வீட்டாருக்கென்று தனிப் படிவம் கொடுத்து விறாந்தையில் இருக்கச் சொன்னோம். குறைநினைக்காமல் இருந்து நிரப்பித் தந்த மகள்மாருக்கும் மருமக்களுக்கும் எங்கள் கடன் பெரிது. இரண்டு படிவத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியைப் பற்றியே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

காத்தான்குடி ஓடாவியார், உங்களுக்கு என்ன சொல்ல! ஒற்றைக்கை வெட்டுப்பலகை பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். 30 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், நடுவில் மேல்நோக்கி நிற்கும் இரண்டு ஆணி, ஒரு மூலையில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் எல் வடிவ விளிம்பு. ஆணியில் வெங்காயத்தைக் குத்திவைத்து நல்ல கையால் வெட்டலாம்; விளிம்பில் பாணை அணைத்துவைத்து மாஜரின் பூசலாம். சாதாரண இரும்பு ஆணி இந்தக் கடற்காற்றுக்குக் கறள் கட்டி மரக்கறியில் கறை விடும் என்று துருப்பிடிக்காத ஆணியைத் தேடி எடுத்தவர் நீங்கள். மாம்பலகை ஈரம் குடித்து வளையும் என்று தேக்குத் துண்டு எடுத்ததும் நீங்கள்தான். பலகை வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினீர்கள். வெளிநாட்டு விலைப்பட்டியலில் இருக்கும் உறிஞ்சுகிண்ணம் மினுக்கிய மேசையில்தான் பிடிக்கும், எங்கள் சீமெந்துத் திண்ணையில் பிடிக்காது. பாவிக்காத நேரம் ஆணி முனையில் தக்கை குத்திவைக்கும்படி வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்ட கையில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குத்தினாலும் தெரியாது.

மலசலகூடக் கதிரைதான் பெரிய சவால். குந்தும் கோப்பைக்கு மேல் பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வைப்பது ஊரில் எல்லோரும் செய்யும் கைவைத்தியம். அது ஏன் ஆபத்து என்றால், பாரிசவாதக்காரர் எழும்பும்போது ஒரே கையால் ஒரே பக்கம் அழுத்துவார். கதிரை அந்தப் பக்கம் சாயும், கால்கள் ஈர ரைல்ஸில் விரியும், வெட்டிய ஓட்டையின் விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடும். கல்முனை வெல்டிங் கடைத் தம்பிமார் ஓர் அங்குலக் கல்வனைஸ் குழாயில் சட்டம் செய்து தந்தார்கள். இருக்கை உயரத்தை ஆளுக்கு ஆள் அளந்தே வெட்டினோம்: முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை, பெரும்பாலும் 40 முதல் 45 சென்ரிமீற்றர். அதைவிடப் பதிந்தால் எழும்ப முடியாது, உயர்ந்தால் பாதம் தொங்கும். கால்களை மேலிருந்து கீழே சற்று வெளியே சரித்ததும், குழாய் வாயில் றப்பர் மூடிக்குள் ஒரு வொஷர் போட்டதும் அவர்கள் யோசனை. வொஷர் இல்லாவிட்டால் குழாயின் விளிம்பே றப்பரை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வெல்டிங் பிடித்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோகும், கறள் அங்கேதான் தொடங்கும். எனவே அங்கே பிறைமர் அடித்த பிறகே பெயின்ற்.

கைப்பிடியின் பலத்தை அளக்கும் பிடிவலுமானியை இரவல் தந்த இயன்மருத்துவப் பிரிவினருக்கும் நன்றி. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை 90 பாகைக்கு மடித்து, மூன்று தரம் பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். வீட்டுக் கதிரையின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றினால் வாசிப்பு மாறிவிடும், ஆகவே கைப்பிடியில்லாத ஸ்ரூலொன்றும் எங்களோடு வந்தது. ஸ்ரூலும் சட்டமும் சாமான் பையுமாகப் படுவான்கரை றோட்டுகளில் ஏற்றித் திரிந்த ஓட்டோ அண்ணன்மார், மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்டை மட்டும் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காமல் சீற்றுக்கு அடியில் வைத்தது சிறிய விசயமல்ல. 65 பாகை செல்சியஸ் அளவிலான சுடுநீரில் இளகும் பிளாஸ்டிக் அது. வெயிலில் விட்ட வண்டிக்குள் மணிக்கட்டு வளைவு தானாக நிமிர்ந்துவிடும், பிறகு அந்தக் கைக்கு அது பொருந்தாது. கடற்கரை வீடுகளில் அதன் வெல்குறோ பட்டிக்குள் மணல் ஏறிப் பிடிப்பு விட்டுப்போகிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் திரும்பப் பிடிக்கும் என்று காட்டித் தந்த அக்காவின் வழியை இப்போது எல்லா வீட்டுக்கும் சொல்கிறோம்.

எந்த நாளில் போவது என்பதை நேர்ப்படுத்தியவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்களும் கிராம உத்தியோகத்தர்களும். வெள்ளி ஜும்ஆ நேரம், வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு, மார்கழி வெள்ளம் என்று அவர்கள் கோடு போட்ட நாட்காட்டி இல்லாவிட்டால் பாதி வீடு பூட்டித்தான் இருந்திருக்கும். நோன்பு மாதத்தில் பிடிவலு எடுக்க வேண்டாம் என்று தடுத்ததும் அவர்களே. நோன்போடு எடுத்த அளவை மற்ற மாதத்து அளவோடு வைத்து ஒப்பிட முடியாது.

புள்ளிவிபர ஆலோசகருக்கு ஒரு வரி: படிநிலைத் தரவு (எது மேல், எது கீழ் என்ற வரிசையை மட்டும் சொல்லும் புள்ளிகள்), சிறிய மாதிரி, எனவே சராசரியை விட்டு, வரிசையை வைத்து ஒப்பிடும் வில்கொக்சன் சோதனைக்குப் போங்கள் என்று சொல்லி எங்களைக் காப்பாற்றினீர்கள். ஒப்பீட்டுக் குழு (உபகரணம் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் குழு) இல்லாத ஆய்வு என்பதைச் சுருக்கவுரையிலேயே எழுத வைத்ததும் நல்லது. பாரிசவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் உடல் தானாகவே நிறைய மீளும்; அப்படியானால் முன்னேற்றம் உபகரணத்தாலா, தானாக வந்ததா என்ற சந்தேகம் எழும். ஆறு மாதம் கடந்தவர்களை மட்டும் எடுத்தால் அந்தச் சந்தேகம் குறையும், ஒரேயடியாக இல்லாமல் போகாது.

உபகரணங்கள் எல்லாம் பாவித்தவர்களுக்கே. கதிரைச் சட்டத்தின் றப்பர் மூடி தேய்ந்து குழாய் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போனால் ஹாட்வெயார் கடையில் எடுக்கலாம். பலகை, சட்டம் இரண்டினதும் அளவுப்படம் ஓடாவியாரிடமும் வெல்டிங் கடையிலும் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

நன்றியுடன்,
தொழில்வழிச் சிகிச்சை இறுதியாண்டு ஆய்வுக் குழு